பாடப்புத்தகத்துப் பெயர்களைத் தேடி இத்தாலிக்கு

இத்தாலி போய் வந்து ஒரு மாதம் ஆகிறது. "படம் மட்டும் போட்டுட்டு ஒண்ணும் எழுதலையே சார்" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். நாற்பது நிமிடப் பீரியடில் பேசிப் பழகிய வாய், சுருக்கிச் சொல்ல வராது. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் 32 வருடம் இயற்பியல் எடுத்தேன். 2019 மே மாதம் ஓய்வு. கலிலியோ, டாரிசெல்லி, கால்வானி, வோல்டா, மார்கோனி, ஃபெர்மி. இவர்கள் இல்லாமல் ஒரு வருடமும் சிலபஸ் முடிந்ததில்லை. எல்லோரும் ஒரே நாட்டுக்காரர்கள். கரும்பலகையில் இத்தனை தடவை எழுதிய பெயர்களின் ஊரை ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது பழைய ஆசை. அது தள்ளிக்கொண்டே போனதற்கான காரணங்கள் உங்கள் வீட்டிலும் உண்டு: மகள் கல்யாணம், மகன் படிப்பு, கொரோனா, பேரப்பிள்ளை.

கடைசியில் முடிவு செய்தது நான் இல்லை, என் மனைவி. சென்ற வருடம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் அவளுக்குக் கிளாக்கோமா என்று தெரிந்தது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தால் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய். வலி இருக்காது. நேராகப் பார்ப்பது கடைசி வரை தெளிவாகவே இருப்பதால் ஆளுக்குத் தெரியவும் தெரியாது. ஓரத்துப் பார்வைதான் முதலில் போகும். பார்வைப் பரப்புச் சோதனை எடுத்த தாளில் இரண்டு கண்ணிலும் கீழ்ப்பக்கம் கறுப்பாக இருந்தது. படி இறங்கும்போது அவள் ஏன் தடவித் தடவிக் கால் வைக்கிறாள், நிலைப்படியில் ஏன் அடிக்கடி இடித்துக்கொள்கிறாள் என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் விடை இருந்தது. போனது திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். (நாற்பது தாண்டியவர்கள், குறிப்பாக அப்பா அம்மாவுக்கு இந்த நோய் இருந்தவர்கள், கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துக்கொண்டு வராமல் ஒரு முறை கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துவிடுங்கள். வாத்தியார் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்: "என்னங்க, அந்த இத்தாலி இத்தாலின்னு சொல்லிட்டே இருப்பீங்களே, போயிட்டு வந்துடலாம். எனக்குத் தெரியறப்பவே பார்த்துடணும்."

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கண்ணு சரியில்லாத பொம்பளையை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்கு, அந்தப் பணத்துக்கு மாடியில் ஒரு போர்ஷன் எடுத்தால் வாடகை வருமே என்றார்கள். வாடகை வரும், வோல்டா வரமாட்டார் என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாளில் எட்டு ஊர் காட்டும் டூர் கம்பெனிகள் எங்களுக்குச் சரிப்படாது. கொடி பிடித்தவர் பின்னால் ஓட அவளால் முடியாது. மகன் உதவியோடு நாங்களே திட்டம் போட்டோம். செப்டம்பரில் 13 நாள். மிலனில் இறங்கி, கோமோ ஏரிக்கரையில் வரென்னா, பிறகு கோமோ நகரம், அங்கிருந்து பதுவா, ஒரு பகல் வெனிஸ், கடைசியில் ஃப்ளோரன்ஸ். இருவருக்கும் விசா, விமானம், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. ரோமும் இல்லை, பிசாவும் இல்லை. பிசா போகாமல் என்ன இயற்பியல் வாத்தியார் என்று கேட்காதீர்கள். சாய்ந்த கோபுரத்திலிருந்து கலிலியோ குண்டுகளைப் போட்டார் என்பது அவருடைய சீடர் விவியானி பிறகு எழுதிவைத்தது. வரலாற்று ஆசிரியர்கள் பலர் அதை நம்புவதில்லை. நாங்கள் எல்லா வருடமும் நம்பித்தான் பாடம் நடத்தினோம், அது வேறு விஷயம்.

மருந்து விஷயம் ஒன்று. வீட்டில் ராத்திரி 9 மணிக்குச் சொட்டு போடுவோம். இந்திய நேரப்படியே போடுங்கள் என்றார் டாக்டர். செப்டம்பரில் இத்தாலி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அதாவது அங்கே மாலை 5.30. ஆகவே தினமும் மாலை 5.30க்கு நாங்கள் எங்கே இருந்தாலும் உட்கார்ந்துவிடுவோம். போட்ட பிறகு ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் எதிரே என்ன நடக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். அவளாகக் கேட்டதுதான்: "சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு ரன்னிங் கமெண்ட்ரி கொடுங்க."

மிலனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரிய கோயிலை வெளியிலிருந்து பார்த்தோம். டாவின்சியின் கடைசி விருந்து ஓவியத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மறுநாள் காலை ரயில் ஏறி ஒரு மணி நேரத்தில் வரென்னா. இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள், பாதி வழியில் ஏரி தொடங்கிவிடும்.

கோமோ ஏரி தலைகீழ் 'ஒய்' எழுத்து மாதிரி இருக்கும். ஆழம் 400 மீட்டருக்கும் அதிகம். கால்கள் பிரியும் இடத்தில் பெல்லாஜியோ, அதற்கு எதிர்க்கரையில் வரென்னா. தண்ணீரிலிருந்து எழுந்த மாதிரி மலை. மஞ்சளும் காவியுமாக வீடுகள். படகுத்துறையிலிருந்து ஊருக்குள் போக, பாறையை ஒட்டித் தண்ணீர் மேலேயே ஒரு நடைபாதை போட்டுச் சிவப்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். காதலர் பாதை என்று பெயர். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தனியாகவே நடந்தாள். நான் பின்னால் பை தூக்கிக்கொண்டு.

அந்த ஊரில் மூன்று நாள் இருந்தோம். சமையலறையோடு சின்ன வீடு. கடையில் கிடைத்த ரிசோட்டோ அரிசி குண்டாக, பசையாக இருந்தது. பாஸ்தாவுக்கு ஜோடி என்று அவர்கள் நினைக்கலாம், தயிர் சாதத்துக்கென்றே கடவுள் படைத்த அரிசி அது. கொண்டுபோன மாவடுவோடு மூன்று ராத்திரியும் அதுதான். சைவக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: பர்மேசான் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் சேர்க்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள்.

வில்லா மொனாஸ்தெரோ என்று ஏரிக்கரையில் நீளமான தோட்டத்தோடு ஒரு மாளிகை. அவள் பூவும் மரமும் பார்க்க வந்தாள், நான் ஃபெர்மிக்காக. இத்தாலிய இயற்பியல் கழகம் 1953லிருந்து கோடைப் பள்ளி நடத்துகிற இடம் இது. 1954ல் ஃபெர்மி இங்கே வந்து பாடம் எடுத்தார். அதே வருடம் நவம்பரில் இறந்துபோனார், வயது 53. அந்தக் கோடைப் பள்ளிக்கே இப்போது அவர் பெயர்தான். தோட்டத்துப் பெஞ்சில்தான் அன்றைய 5.30. அவள் கண்ணை மூடிக்கொள்ள, நான் படகு வருவதையும், ஒரு கிழவர் நாயோடு பேசிக்கொண்டு போவதையும் சொன்னேன். "மலை மேல வெயில் இருக்கா?" என்றாள். உச்சியில் மட்டும் இருந்தது.

பெல்லாஜியோ படத்தில் பார்க்கத்தான் அழகு. கடைவீதி முழுக்கக் கூழாங்கல் படிகள். எல்லாம் ஒரே நிறம், ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு முறை தடுமாறினாள். மூன்றாவது படிவரிசையைப் பார்த்ததும், "நீங்க மேல போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கயே உட்கார்றேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் போகவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு படகுத்துறையிலேயே இருந்துவிட்டு அடுத்த படகில் திரும்பினோம். அன்று அவள் அதிகம் பேசவில்லை.

அங்கிருந்து மெதுவாகப் போகும் படகில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஏரியிலேயே போய் கோமோ சேர்ந்தோம். வேகப் படகும் உண்டு. ஆனால் மெதுப்படகில்தான் வெளியே உட்கார்ந்து வரலாம்.

வோல்டா பிறந்த ஊர் கோமோ. பிறப்பு 1745, மறைவு 1827. ஏரிக்கரைப் பூங்காவில் அவருக்கு ஒரு கோயில் கட்டியிருக்கிறார்கள். நிஜமாகவே அதன் பெயர் வோல்டா கோயில்! அவர் மறைந்த நூறாவது ஆண்டை ஒட்டிக் கட்டியது. உள்ளே அவருடைய கருவிகள், அடுக்கு மின்கலங்கள். துத்தநாகத் தட்டு, செம்புத் தட்டு, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணி, திரும்பவும் துத்தநாகம், செம்பு, துணி. 1800ல் உலகத்துக்கு அறிவித்த இந்த அடுக்கிலிருந்துதான் தொடர்ந்து ஓடும் மின்சாரம் முதன்முதலில் மனிதன் கைக்கு வந்தது. பழைய டார்ச் செல்லை உடைத்துத் துத்தநாகம் எடுத்து, செம்புத் தகடு வெட்டி, நாம் பள்ளியில் அடுக்கிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? நாக்கில் வைத்துவிட்டு அலறியது யார் என்று அவரே இங்கே ஒப்புக்கொள்ளட்டும். கோமோவில் இருக்கும் கருவிகளில் பல பிரதிகள்தான். மின்கலத்தின் நூறாண்டு விழாவுக்கு 1899ல் நடத்திய கண்காட்சியில் தீப்பிடித்து அசல்கள் பல எரிந்துபோயின. ஆனாலும் அந்த அடுக்கின் முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஆனால் கோமோவில் நடந்த பெரிய விஷயம் இது இல்லை. கோமோ பட்டுக்குப் பேர் போன ஊர். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க மல்பெரித் தோட்டம், வீட்டுக்கு வீடு புழு வளர்ப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது படுத்துவிட்டது. இப்போது நூல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. சாயம், அச்சு, மெருகு இவற்றில்தான் கோமோவின் கைவரிசை. அங்கே பட்டு அருங்காட்சியகம் ஒன்று இருப்பதைப் போவதற்கு முன்பே மகளிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள் என் மனைவி. அதற்காகவே பெட்டியில் ஒரு காஞ்சிப் பட்டு வைத்து எடுத்து வந்திருக்கிறாள், எனக்கே தெரியாது. அன்று காலை அதைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

அவள் பிறந்தது காஞ்சிபுரத்தில் தறி வீட்டில். ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்குத் துணையாகத் தறியில் உட்கார்ந்து கோர்வை நாடா தள்ளியவள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், இரண்டையும் தனித்தனி நாடாவில் நெய்து ஒவ்வொரு இழையிலும் கோத்துச் சேர்ப்பதுதான் கோர்வை. ஒரு ஆளால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான்.

அருங்காட்சியகத்தில் புழுவிலிருந்து துணி வரைக்கும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். நூல் முறுக்கும் பெரிய மர யந்திரம், சாயப் பட்டறை, அச்சுச் சட்டங்கள், ஜக்கார்டு தறி. நான் எழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பலகைகளைப் படிக்க, அவள் படிக்காமலே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். இது பாவு சுத்தறது. இது அட்டை, ஓட்டை இருக்கிற இடத்துல ஊசி இறங்கும், அந்த இழை மேல போகும். ஓட்டை உண்டு, இல்லை என்ற அந்த அட்டைக் கணக்கிலிருந்துதான் பிற்காலத்தில் கம்ப்யூட்டர் அட்டை வந்தது என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, அட்டை மாறிப்போச்சுன்னா மயிலுக்குக் கழுத்து இருக்காது" என்றாள்.

அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா கொஞ்ச நேரமாக இவள் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, தொடலாமா என்று சைகையில் கேட்டார். இவள் முந்தானையைக் கையில் கொடுத்துவிட்டு, கரையைத் திருப்பி உள்பக்கம் காட்டினாள். உடலும் கரையும் சேரும் இடம். அந்த அம்மா விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, எப்படி என்று கையை விரித்தார். போனை எடுத்து மொழிபெயர்த்துச் சொல்ல நான் முயன்றேன். கோர்வை என்ற சொல்லுக்கு அது ஏதேதோ சொன்னது. என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவளே கையால் காட்டினாள். இது நான், இது எங்கப்பா, இந்த நாடா இப்படி வரும், அந்த நாடா அப்படிப் போகும், இங்கே கோத்துக்கும். தமிழில்தான் பேசினாள். அந்த அம்மா இத்தாலியில் பதில் சொன்னார். பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசினார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்தது.

வெளியே வந்து ஒரு கடையில் அரை மீட்டர் பட்டுத் துண்டு வாங்கினாள். வாங்கும்போது துணியைப் பார்க்கவே இல்லை. எங்கோ பார்த்துக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஏழெட்டுத் துண்டுகளைத் தேய்த்து, "இது" என்று எடுத்தாள்.

பதுவாவில் எனக்கு இரண்டு ஆசை. ஒன்று, கலிலியோ 1592லிருந்து 1610 வரை வேலை பார்த்த பல்கலைக்கழகம். அவர் நின்று பாடம் நடத்திய மரமேடை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். சம்பளம் போதாமல் மாணவர்களை வீட்டிலேயே தங்கவைத்து டியூஷன் எடுத்தவர் அவர், நம்ம இனம். அதே கட்டடத்தில், 1678ல் உலகிலேயே முதன்முதலாக டாக்டர் பட்டம் வாங்கிய பெண் எலெனா கோர்னாரோ பிஸ்கோபியாவுக்குச் சிலை இருக்கிறது. என் மனைவி படம் எடுத்துக்கொண்டது அந்தச் சிலையோடுதான்.

இன்னொன்று ஸ்க்ரோவேஞ்சி தேவாலயம். ஜோத்தோ என்ற ஓவியர் 1305 வாக்கில் வரைந்து முடித்தது. உள்ளே ஈரமும் தூசியும் போகக்கூடாது என்பதற்காக 25 பேரை முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். பிறகு உள்ளே கால் மணி நேரம், அவ்வளவுதான். நாலு சுவரும் படம், கூரை முழுக்க நீலத்தில் தங்க நட்சத்திரம். பெத்லகேம் நட்சத்திரத்தை வாலோடு வரைந்திருக்கிறார். 1301ல் வந்த ஹேலி வால்மீனைப் பார்த்துவிட்டு வரைந்தது என்பார்கள். அதனால்தான் 1986ல் ஹேலியைப் பார்க்க ஐரோப்பியர் அனுப்பிய விண்கலத்துக்கு ஜோத்தோ என்று பெயர். கால் மணி நேரத்தில் நாலு சுவரையும் பார்த்தாக வேண்டும் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவளால் அப்படி முடியாது. ஓரத்தில் இருப்பது தெரியாததால் தலையைத் திருப்பித் திருப்பித்தான் எதையும் முழுசாகப் பார்க்க வேண்டும். அவள் ஒரே ஒரு படத்தின் முன்னால் நின்றாள். இறந்த இயேசுவை மடியில் வைத்துக்கொண்டு மேரி அழும் படம். மணி அடித்து வெளியே அனுப்பும் வரை அதையே பார்த்தாள். மற்றதெல்லாம் பார்க்கவில்லையே என்றேன். "இதைப் பார்த்துட்டேன்" என்றாள்.

வெனிஸ் நான் பயந்த ஊர். நானூறுக்கும் மேல் பாலம், பாலம் என்றாலே படி. ஆனால் பாருங்கள், அங்கே பாலத்துப் படிகளில் விளிம்புக்கு வெள்ளைக் கல் பதித்திருக்கிறார்கள். படி எங்கே முடிகிறது என்று பளிச்சென்று தெரிகிறது. பெல்லாஜியோவில் உட்கார்ந்துவிட்டவள், வெனிஸில் என் கையை விட்டுவிட்டு இறங்கினாள். (ஊர் வந்த மறுநாளே எங்கள் வீட்டு மாடிப்படி விளிம்புகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டோம். 180 ரூபாய் செலவு. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் செய்து பாருங்கள்.) கஷ்டம் கொடுத்தது கூட்டம்தான். பக்கவாட்டில் வருபவர்கள் தெரியாமல் நாலைந்து பேர் மேல் மோதினாள். ஒருவர் திட்டிவிட்டுப் போனார். என்ன திட்டு என்று புரியாதது ஒரு வசதி.

மாற்கு சதுக்கத்தின் மணிக்கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது. 1609 ஆகஸ்டில் கலிலியோ தன் தொலைநோக்கியை வெனிஸ் பிரபுக்களுக்குக் காட்டியது இந்தக் கோபுரத்தில்தான். கரைக்கு வர இன்னும் நேரமாகும் கப்பல்களை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். உடனே வேலை நிரந்தரம், சம்பளம் வருடத்துக்கு 1,000 ஃப்ளோரின். இப்போதிருப்பது அதே கோபுரம் இல்லை, பழையது 1902ல் இடிந்து விழுந்து 1912ல் திரும்பக் கட்டியது. மேலே போய் நின்றபோது மணி 5.30. மணிக்கு அடியிலேயே சொட்டு போட்டோம்.

ஃப்ளோரன்ஸில் கலிலியோ அருங்காட்சியகம். அவருடைய தொலைநோக்கிகள் இரண்டு, அவருடைய நடுவிரல் ஒன்று (1737ல் உடலைப் புதிய கல்லறைக்கு மாற்றும்போது எடுத்தது, கண்ணாடிக் குடுவைக்குள் நிற்கிறது), அப்புறம் அந்த லென்ஸ். 1610ல் வியாழனின் நிலவுகளைக் கண்டுபிடிக்க உதவிய லென்ஸ். விரிசல் விட்டது. தந்தச் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

கலிலியோவுக்குக் கடைசியில் பார்வை போன கதையை நான் அதுவரை அவளிடம் சொன்னதில்லை. அங்கே பலகையில் எழுதியிருந்ததை யாரோ சத்தமாக ஆங்கிலத்தில் படிக்க, அவளுக்குக் கேட்டுவிட்டது. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "அவருக்கும் போயிடுச்சா?"

சொன்னேன். ஃப்ளோரன்ஸுக்கு வெளியே அர்ச்சேத்ரியில் வீட்டுக் காவலில் இருந்தார். 1637ல் ஒரு கண், 1638 தொடக்கத்தில் இரண்டும். சூரியனைப் பார்த்ததால் போச்சு என்று கதை சொல்வார்கள். சூரியப் புள்ளிகளைப் பார்த்ததற்கும் இதற்கும் நடுவில் 25 வருடம்.

"போன பிறகு என்ன பண்ணாரு?"

அவருடைய பெரிய புத்தகம் அந்த 1638ல்தான் அச்சாகி வந்தது. விவியானி கூடவே இருந்து எழுதிக்கொடுத்தார், கடைசி மாதங்களில் டாரிசெல்லியும் வந்து சேர்ந்தார். 1641ல் ஊசலை வைத்து ஒரு கடிகாரம் செய்யலாம் என்று யோசித்தார். அவர் சொல்லச் சொல்ல மகன் வின்சென்சியோ வரைந்தார். செய்து முடிப்பதற்குள் 1642 ஜனவரியில் இறந்துபோனார். அந்த வரைபடத்தை வைத்துப் பிற்காலத்தில் செய்த மாதிரி இதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"அதைக் காட்டுங்க" என்று எழுந்தாள். போய்ப் பார்த்தோம். பல் சக்கரத்தைக் கிட்டே குனிந்து, தலையைத் திருப்பித் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

மறுநாள் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் அவர் கல்லறை. இடதுபக்கம் கலிலியோ, எதிர்ப்பக்கம் மைக்கேலாஞ்சலோ. பிறகு இரண்டு மணி நேர ரயிலில் மிலன், அங்கிருந்து விமானம்.

சென்ற வாரம் காஞ்சிபுரம் போய் அந்த அரை மீட்டர் துண்டை அவளுடைய அண்ணனிடம் காட்டினோம். தறியை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது அவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, துணியை இரண்டு விரலில் தேய்த்தார். "அச்சு நல்லா இருக்கு. நெசவு மிஷின்" என்றார். விலையைச் சொன்னோம். திரும்ப ஒரு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, தங்கையைப் பார்த்து, "உன் புடவையை அவங்க கையில கொடுத்தியா?" என்று கேட்டார்.

"திருப்பியே காட்டினேன்ண்ணா" என்றாள்.